பிரவுசர் வழியாக நுழைபவரை லாகில் பிடிப்பது எப்படி?

2010 ஜனவரியில், தன் நெட்வொர்க்குக்குள் ஊடுருவல் நடந்ததைக் கூகுள் வெளியே சொன்னது. அந்தத் தாக்குதலுக்கு வழிவிட்டது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அதுவரை அடைக்கப்படாமல் இருந்த ஓர் ஓட்டை. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே போதும், எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. இப்படிப்பட்ட தாக்குதல் ஆன்டிவைரஸுக்குத் தப்பினாலும், பிரவுசர் எந்தப் புரோகிராமைத் திறந்தது என்ற தடயம் பல நேரம் லாகில், அதாவது கணினியின் நிகழ்வுப் பதிவில், விழும். அதைப் பார்க்கப் பழகுவோம்.

படி 1: சிஸ்மான் நிறுவுதல்

விண்டோஸில் நடப்பவற்றை லாகில் பதியும் சிஸ்மான் என்ற கருவி, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஜிப்பைப் பிரித்து, கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அந்த ஃபோல்டருக்குப் போங்கள். 64 பிட் கோப்பின் பெயரைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் ஆங்கில ‘ஐ’ எழுத்தும் சேர்த்து என்டர் அடியுங்கள். உங்கள் சொந்தக் கணினியிலோ அனுமதி உள்ள கணினியிலோ மட்டும் செய்யுங்கள்.

படி 2: லாகைத் திறத்தல்

லாகைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சிஸ்மான், ஆபரேஷனல் என்று உள்ளே போய், ஃபில்டரில் 1 என்று கொடுங்கள். புதிதாக ஒரு புராசஸ் (ஓடும் புரோகிராம்) தொடங்கினால் வரும் ஈவென்ட் எண் அது. சரி, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதிவுக்குள் இருக்கும் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். இதை மறந்தால் தப்பான நேரத்துப் பிரவுசர் ஹிஸ்டரியைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள்.

படி 3: பேரன்ட் யார், சைல்டு யார்?

குரோம் இன்னொரு குரோமைத் திறப்பது சகஜம். டேப், எக்ஸ்டென்ஷன் எல்லாம் தனித்தனிப் புராசஸாக ஓடுவதால் அப்படி நிறைய வரும். பதிவில் பேரன்ட் இமேஜ் என்பது திறந்த புரோகிராம், இமேஜ் என்பது திறக்கப்பட்ட சைல்டு. பேரன்ட் இமேஜில் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இருந்து, இமேஜில் கட்டளைகளையும் ஸ்கிரிப்டுகளையும் ஓட்டும் பவர்ஷெல், சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட், எம்எஸ்ஹெச்டிஏ போன்றவை இருந்தால் அங்கே நில்லுங்கள்.

உடனே பதற வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் போன்ற சில எக்ஸ்டென்ஷன்கள் கணினியில் உள்ள தங்கள் புரோகிராமோடு பேசும்போது, குரோமே சிஎம்டியைத் திறப்பதுண்டு. அப்போது கமாண்ட் லைனில் (புரோகிராமைத் தொடங்கிய கட்டளை வரியில்) எக்ஸ்டென்ஷனின் முகவரி தெரியும். அது நீங்கள் போட்ட எக்ஸ்டென்ஷன்தானா என்று பாருங்கள். டவுன்லோட் பட்டியலில் ஒரு இன்ஸ்டாலரைக் கிளிக் செய்தாலும் பேரன்டாகக் குரோம் வரும்.

என் அனுபவத்தில் பலரும் பார்க்காமல் விடுவது பேரன்ட் கமாண்ட் லைன். குரோம், எட்ஜில் வலைப்பக்கத்தின் நிரலை ஓட்டுவது ரெண்டரர் என்ற புராசஸ். சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலிக்குள் அடைபட்டிருப்பதால் அது வேறு புரோகிராமைத் தொடங்கக் கூடாது. அந்த வரியில் ரெண்டரர் என்று இருந்து, சைல்டாகப் பவர்ஷெல் வந்திருந்தால் அதை வழக்கமான நிகழ்வு என்று ஒதுக்காதீர்கள். ஆனால் ரெண்டரர் என்று இல்லாததாலேயே பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். சாண்ட்பாக்ஸைத் தாண்டியவர் முதன்மைப் புராசஸிலிருந்தும் திறக்கலாம்.

மெமரிக்குள்ளேயே ஒளிந்து, எதையும் திறக்காத தாக்குதல் இந்த வழியில் சிக்காது. அதற்கு நெட்வொர்க் இணைப்பு, டிஎன்எஸ் தேடல் (தளப் பெயருக்கான முகவரியைத் தேடுவது) பதிவுகள் வேண்டும். அவை 3, 22 என்ற எண்களில் வரும். சிஸ்மானின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் அவற்றை நீங்கள் இயக்க வேண்டும்.

சந்தேகம் உறுதியானால் முதலில் நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். கணினியை அணைக்காதீர்கள், மெமரியில் உள்ள தடயம் போய்விடும். அப்புறம் லாகை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, அந்த நிமிடத்தில் எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று ஹிஸ்டரியில் தேடத் தொடங்குங்கள்.