இரண்டு பேர், இரண்டு பை, ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350: முதுகு வலிக்காமல் தூரம் போக வண்டியைத் தயார் செய்வது எப்படி?

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, தேவகோட்டை வழியாகத் தனுஷ்கோடிக்கு நானும் மனைவியும் முதல்முறை வண்டியில் போனபோது, ராமநாதபுரம் தாண்டுவதற்குள் அவருக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. எனக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன. வண்டியும் விட்டு விட்டு இழுத்தது. திரும்பி வந்ததும் விலை உயர்ந்த சாமான்களைத் தேட ஆரம்பித்தேன். அவற்றில் பாதி தேவையே இல்லை என்று புரிய ஒரு வருஷம் ஆனது. கடையிலிருந்து வரும் வண்டி, ஒருவர் பையில்லாமல் ஊருக்குள் ஓட்டுவதற்கு ஏற்றபடிதான் இருக்கும். நாம் போவதோ இரண்டு பேராக, பதினைந்து கிலோ சாமானோடு. அந்தப் பாரத்துக்கு வண்டியை மாற்றி அமைத்தாலே முக்கால்வாசி வலி போய்விடும். அதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

1. வண்டி இன்னும் வாங்கவில்லை என்றால்

சிசியைப் பார்ப்பதற்கு முன் உட்காரும் விதத்தைப் பாருங்கள். கால் முன்னால் நீளும் குரூசர் வண்டிகளில் பள்ளத்தில் விழும் அடி முழுக்க வால் எலும்பில் இறங்கும், ஏனென்றால் காலை ஊன்றி எழும்ப முடியாது. முன்னால் குனியவைக்கும் வண்டிகளில் பாரம் மணிக்கட்டுக்கு வரும். நிமிர்ந்து உட்கார்ந்து, முட்டிக்குக் கீழேயே கால் இருக்கும் வண்டிதான் தூரத்துக்கு நல்லது என்பது என் கட்சி.

நான் ஐந்தடி ஆறங்குலம். என் கிளாசிக் 350-இன் சீட் உயரம் 805 மி.மீ., இரண்டு காலும் தாராளமாக ஊன்றுகிறது. அதே கம்பெனியின் ஹிமாலயன் 450 எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி. 452 சிசி, 17 லிட்டர் டேங்க், நெடுஞ்சாலையில் சிரமமே இல்லாமல் ஓடும். ஆனால் சீட் 825 மி.மீ.இல்தான் தொடங்குகிறது. பின்னால் ஆள் ஏறி இறங்கும்போது ஒரு காலில் தாங்க வேண்டும். உங்களுக்கு உயரம் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். டூரிங் சாமான்களைத் தனித்தனியாகத் தேடி அலைய விருப்பமில்லாதவர்கள் பஜாஜ் டொமினார் 400-ஐயும் பார்க்கலாம். 2021-லிருந்து அதில் காற்றைத் தடுக்கும் முன் கண்ணாடி, கேரியர், எஞ்சின் கார்டு எல்லாம் கம்பெனியிலேயே பொருத்தி வருகின்றன.

ஷோரூமில் தரும் ஐந்து நிமிட ஓட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதே வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டு வாங்கி, முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். பின்னால் உட்காரப் போகிறவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

2. கை மரத்துப்போவதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஓட்டும்போது உட்காரும் இடத்தில் உட்காருங்கள். கண்ணை மூடி, கையைத் தளர்வாக ஹேண்டில்பாரில் வைத்து, விரல்களை நேராக நீட்டுங்கள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே கோடாக இருந்து, விரல் நேராகக் கிளட்ச் லீவர் மேல் போய் உட்கார வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் லீவர் மேலே தூக்கி நிற்கும். அதைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். அதுதான் மரத்துப்போகக் காரணம்.

லீவரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, கொஞ்சம் கீழே திருப்பி, மறுபடி இறுக்குங்கள். பிரேக் பக்கமும் அப்படியே. முரட்டுத்தனமாக இறுக்க வேண்டாம். ஓட்டும்போது அசையக் கூடாது, வண்டி விழுந்தால் லீவர் உடையாமல் சுற்றிக்கொள்ள வேண்டும், அந்த அளவு போதும். ஹேண்டில் ரைசர் (ஹேண்டில்பாரை உயர்த்தும் துண்டு) வாங்குவதாக இருந்தால் இதைச் செய்து 200 கி.மீ. ஓட்டிய பிறகு வாங்குங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

3. சீட்

மெத்து மெத்தென்ற சீட் நல்ல சீட் அல்ல. கடையில் உட்கார்ந்து பார்க்கும் பத்து நிமிஷம் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஸ்பாஞ்ச் அமுங்கி, அடித்தகடு தட்ட ஆரம்பிக்கும். சீட் தைக்கும் கடைக்காரரிடம், "அண்ணே, கட்டியான ஸ்பாஞ்ச் கீழே, மேலே ஒரு அங்குலம் மட்டும் மெத்துன்னு வைங்க" என்று சொல்லுங்கள். பின் சீட்டை இன்னும் ஒன்றரை அங்குலம் அகலமாக்கச் சொன்னேன். மனைவியின் இடுப்பு வலி பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது.

இன்னொன்று: ஜீன்ஸ் போடாதீர்கள். தொடை சேரும் இடத்தில் நாலு தையல் கூடும் அந்தத் தடித்த முடிச்சு, 150 கி.மீ.க்கு மேல் கல் மாதிரி உறுத்தும். உள்ளே சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் தையல் இல்லாத அரைக்கால் சட்டை, மேலே ரைடிங் பேன்ட். எந்த ஜெல் பேடும் இதற்கு ஈடில்லை.

4. பின் ஷாக்

கிளாசிக்கில் பின் ஷாக் (பள்ளத்தின் அடியைத் தாங்கும் ஸ்பிரிங்) எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்று வைக்க 6 படி இருக்கிறது. டூல் கிட்டில் வரும் வளைந்த ஸ்பானரால் திருப்பலாம். தனியாகப் போனால் நான் 2-இல் வைப்பேன், இருவரும் பையுமாக என்றால் 5. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இது தெரியாமல் பல பேர் "வண்டி பள்ளத்தில் இடிக்குது" என்று ஷாக்கையே மாற்றிவிடுகிறார்கள்.

5. செயின்: இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அந்தத் தனுஷ்கோடிப் பயணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் நானே செயினை இறுக்கினேன். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, தொங்கல் கொஞ்சம் அதிகம் என்று நினைத்து, கையேட்டில் இருந்த அளவைவிடச் சற்று இறுக்கமாகவே வைத்தேன். அடுத்த நாள் தேவகோட்டை தாண்டியதும் கீழிருந்து ஒரு முனகல். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல ஒரு வெட்டு. ஓரத்தில் வேப்பமர நிழலில் நிறுத்தினேன். மனைவியை வண்டியிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, பை மாட்டியபடியே குனிந்து செயினை விரலால் அமுக்கிப் பார்த்தேன். வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று நின்றது, அசையவே இல்லை. முந்தின நாள் இதே செயின் ஒரு விரல் அளவுக்கு ஆடியது.

காரணம் இதுதான். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு இடத்தில் சுழல்கிறது. செயினை ஓட்டும் பல்சக்கரம், அதாவது முன் ஸ்ப்ராக்கெட், அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. பாரம் ஏறி ஷாக் அமுங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் கூடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் சுழலும் இடம், பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போது செயின் உச்சபட்ச இறுக்கத்தில் இருக்கும். ஆக, வண்டி வெறுமையாக இருக்கும்போது தெரிகிற தொங்கல், பாரம் ஏறியதும் இருக்காது. இறுகிய செயின் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்டின் பேரிங்கையும் ஆயில் சீலையும் அடிக்கும். எனக்கு அந்தப் பயணம் முடிந்து மூன்றாம் வாரம் முன் ஸ்ப்ராக்கெட் பக்கம் எண்ணெய் கசிந்தது, சீல் மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நான் செய்யும் முறை:

செயினைச் சுத்தம் செய்த பிறகே அளக்கிறேன். மண்ணெண்ணெயும் மெத்தென்ற பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், ஓ-ரிங் வைத்த செயினாக இருந்தால் ரப்பர் போய்விடும்.

பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி நாலைந்து இடத்தில் தொங்கலைப் பார்ப்பேன். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிக இறுக்கமான இடம் எதுவோ அங்கேதான் அளவெடுக்க வேண்டும். தொளதொளப்பான இடத்தில் அளந்து சரிசெய்தால், இறுக்கமான இடம் அளவுக்கு மீறி இறுகும்.

கீழ்ச் செயினின் நடுவில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, விரலால் கீழே இழுத்து ஒரு குறி, மேலே தள்ளி ஒரு குறி. இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் தொங்கல். உங்கள் வண்டிக் கையேட்டில் எந்த ஸ்டாண்டில் போட்டு அளக்கச் சொல்லியிருக்கிறதோ அதிலேயே அளங்கள், அதில் போட்டிருக்கும் அளவின் தளர்வான பக்கமாக வையுங்கள். சரிசெய்ய: அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவு நகர்த்தி, ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அச்சு நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். நட்டு இறுகும்போது சக்கரம் கொஞ்சம் நகரும், அளவு மாறிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியாக, பையை மாட்டி, இருவரும் ஏறி உட்கார்ந்து, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு செயினை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் நன்றாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் தளர்த்தாமல் கிளம்பாதீர்கள். எங்கள் வீட்டில் இந்த வேலை என் தம்பி மகனுடையது, இப்போது அவனே "பெரியப்பா, ஆடுது" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறான்.

லூப் (செயினுக்கு எண்ணெய் போடுவது): செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கமாக, 500 கி.மீ.க்கு ஒருமுறை. ஸ்ப்ரே வாங்கக் காசு இருந்தால் மோட்டுல். இல்லையென்றால் 90 நம்பர் கியர் ஆயில், பழைய துணியால் அதிகப்படியைத் துடைத்துவிட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். நான் கியர் ஆயில்தான். தூசி ஒட்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கும்.

*பின்சேர்க்கை:* கோவையிலிருந்து ஒரு நண்பர், "மெக்கானிக்கிடம் விட்டால் இறுக்கமாகத்தான் வைத்துத் தருகிறார், என்ன செய்ய?" என்று எழுதியிருந்தார். வண்டியை எடுக்கும்போதே பின்னால் ஒருவரை உட்காரவைத்து அமுக்கிக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தால் அவர்களே தளர்த்தித் தருவார்கள்.

6. காற்று, ட்யூப்

இருவர் போனால் பின் டயரில் காற்று கூடுதலாக வேண்டும். அளவு வண்டியிலோ கையேட்டிலோ இருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், சொந்த கேஜில் பாருங்கள். பங்கில் போய்ச் சேருவதற்குள் டயர் சூடாகி அளவு ஏறிவிடும்.

ஸ்போக் சக்கரமுள்ள கிளாசிக்கில் ட்யூப்தான். முன்னால் 19 இன்ச், பின்னால் 18. கிராமத்துப் பஞ்சர் கடையில் 19 இன்ச் ட்யூப் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு என் யோசனை: அலாய் சக்கரமும் ட்யூப்லெஸ் டயரும் உள்ள மாடல். பார்க்க ஸ்போக் அழகுதான், ஆனால் மனைவியோடு நடுவழியில் நிற்கும்போது அந்த அழகு உதவாது.

7. பை

சைடு பைக்குள் பின் அச்சுக்கு முன்னால், அடியில் கனமானவை: டூல்ஸ், ட்யூப், தண்ணீர். மேலே துணி. வீட்டில் சிலிண்டர் எடை பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் இரண்டு பையும் ஒரே எடையா என்று நிறுத்துப் பாருங்கள். வலப்பக்கம் சைலன்சர், அதனால் சேடில் ஸ்டே (பை சைலன்சரில் படாமல் தாங்கும் கம்பிச் சட்டம்) இல்லாமல் பை மாட்டாதீர்கள், உருகிவிடும். மழை உறையை நான் நம்புவதில்லை. கனமான பிளாஸ்டிக் பைக்குள் துணியைப் போட்டுக் கட்டி, அதைப் பைக்குள் வைப்பதுதான் நிச்சயம்.

கொக்கி வைத்த பங்கி கயிறு வேண்டவே வேண்டாம். விட்டால் கண்ணுக்கு வரும், அவிழ்ந்தால் சக்கரத்தில் சுற்றும். பக்கிள் போட்ட பட்டை வாங்குங்கள்.

*பின்சேர்க்கை:* பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து ஹெட்லைட் மேலே தூக்கும், எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். நான் முதலில் எழுதாமல் விட்டதை ஒரு லாரி ஓட்டுநர் சுட்டிக்காட்டினார். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, தனியாக உட்கார்ந்து ஒளியின் மேல் விளிம்பில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இருவரும் ஏறிய பிறகு ஒளியை அதே கோட்டுக்கு இறக்குங்கள். எந்த ஸ்க்ரூ என்று மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

8. போன்

ஹேண்டிலில் நேரடியாக மாட்டினால் அதிர்வில் கேமரா கெட்டுப்போகும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த மவுண்ட் வாங்குங்கள், அல்லது சட்டைப் பையில் வைத்து ஹெட்செட்டில் வழி கேளுங்கள். நான் இரண்டாவது.

9. ஓடும்போதும் வந்த பிறகும்

80 கி.மீ.க்கு ஒருமுறை நிறுத்துங்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். வலித்த பிறகு நிறுத்தினால் அன்று முழுக்கப் போகாது. டேங்க் 13 லிட்டர்தான், 300 கி.மீ. ஓடியதும் பெட்ரோல் போட்டுவிடுங்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் குறுக்கே வரும் இரும்பு இணைப்புகளை நேராக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அங்கே பக்கக் காற்றும் தள்ளும், முட்டியால் டேங்கை அணைத்துக்கொண்டு கையைத் தளர்த்துங்கள்.

அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்றைக்கே, ராமேஸ்வரத்திலேயே, நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவிவிடுங்கள். உப்பும் மணலும் செயினில் ஒட்டிக்கொண்டு மறுநாள் காலையில் செந்நிறத் துருவாக நிற்கும். கழுவி, பத்து நிமிஷம் ஓட்டிக் காயவைத்து, லூப் போட்டு, பிறகு தூங்குங்கள். வீடு வந்ததும் பையை இறக்கி, ஷாக்கை 2-க்கும் காற்றைத் தனி ஆள் அளவுக்கும் இறக்கி, ஹெட்லைட்டைப் பழையபடி ஏற்றிவிடுங்கள். மறுநாள் காலையில் வேலைக்கு அதே வண்டியில் போக வேண்டுமே.