சான்றிதழ் வரட்டும் என்று பள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள்

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே அல்ல. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். காய்ச்சலுக்குச் சித்தூர், பெரிய வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர், சந்தைக்குப் பொள்ளாச்சி. ஆனால் வீட்டில் ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை, நடை வரவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அந்த எல்லை திடீரென்று முளைத்துவிடுகிறது. அங்கே கேட்டால் "நீங்கள் கேரளக்காரர்கள்", இங்கே கேட்டால் "வைத்தியம் பார்த்தது தமிழ்நாட்டில் அல்லவா". இப்படி அலைந்ததில் ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை எட்டு வயதிலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

இந்த அலைச்சலில் பாதிக்குக் காரணம், எது எல்லையைத் தாண்டிச் செல்லும், எது செல்லாது என்பது தெரியாததுதான். மீதிப் பாதிக்குப் பள்ளிகளும் அலுவலகங்களும் பொறுப்பு.

பள்ளிச் சேர்க்கை எந்தக் காகிதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். மாற்றுத்திறன் குழந்தைகளும் இதில் அடங்குவர் என்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே எழுதிவைத்தது. வயதுச் சான்று இல்லை, முன்பு படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வரவில்லை என்ற காரணங்களுக்காகக்கூட சேர்க்கையை மறுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது குடும்பத்தின் விருப்பம். அப்படியிருக்க, "முதலில் ஊனச் சான்றிதழ் வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று தலைமையாசிரியர் சொன்னால் பெற்றோர் தலையாட்டிவிட்டுத் திரும்புவதுதான் முதல் தவறு. சான்றிதழ் வேண்டியது உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் தேர்வுச் சலுகைக்கும். அது ஒரு பக்கம் நடக்கட்டும். பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கட்டும்.

மறுப்பு வந்தால் வாக்குவாதம் செய்யாமல் சேர்க்கை மனுவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். வாயால் மறுப்பவர்களில் பலர் காகிதத்தில் மறுக்கத் துணிவதில்லை. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத வழிசெய்கிறது. சித்தூர் வட்டம் போன்ற சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். மலையாளம் எழுதத் தெரிந்த ஆளைத் தேடி ஒரு மாதத்தைக் கழிக்க வேண்டாம். கல்வி அலுவலரிடமும் தீரவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். ஆளை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரங்கள் அவருக்கு உண்டு.

"40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, இனி ஒன்றும் கிடைக்காது" என்று சோர்ந்துபோவதும் சரியல்ல. இடஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்குத்தான் அந்த வரம்பு. பாகுபாடு காட்டக் கூடாது, தேவையான வசதி செய்து தர வேண்டும் என்ற கடமைகளுக்கு அந்த வரம்பு கிடையாது. தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுதுநரை வைத்துக்கொள்ளும் வசதியை இந்த வரம்பைக் காட்டி மறுக்க முடியாது என்று 2021இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எல்லையைத் தாண்டுவதும் தாண்டாததும்

ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். இது அலுவலரின் தயவில் நடப்பதல்ல, சட்டத்தில் இருப்பது. கோயம்புத்தூரில் வாங்கிய சான்றிதழைச் சித்தூரில் ஏற்க மறுத்தாலோ, மாறி நடந்தாலோ, புதிதாக ஒன்று வாங்க ஓடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் அப்படியே. சொந்த மாவட்டத்தில் மட்டுமல்லாமல், குழந்தை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனை வழியாகவும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ரயில் கட்டணச் சலுகையும் மாநிலம் பார்ப்பதில்லை.

தாண்டாதவை மாநிலப் பணத்தில் நடக்கும் திட்டங்கள். தமிழ்நாட்டின் மாதப் பராமரிப்பு உதவித்தொகையும் கேரளத்தின் ஓய்வூதியமும், பராமரிப்பவருக்கான ஆஸ்வாசகிரணம் உதவியும் குடியிருப்பைப் பொறுத்தவை. ரேஷன் கார்டு ஒரு பக்கமும் ஆதார் மறுபக்கமும் இருந்தால் இரண்டு இடத்திலும் கதவு மூடும். எந்தப் பக்கம் என்று குடும்பம் முதலில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டு பக்கமும் வாங்கலாம் என்று யோசனை சொல்லும் புண்ணியவான்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். மோசடியாகப் பலன் பெற்றால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதை அவர்கள் சொல்லமாட்டார்கள்.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் தந்தை பெயரின் முன்னெழுத்து முன்னால் வரும். கேரள ஆவணங்களில் அது பின்னால் போகும், சில சமயம் வீட்டுப் பெயராகவே விரியும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, ஊனச் சான்றிதழில் வேறொன்று என்றால் பின்னாளில் வங்கிக் கணக்கு வரைக்கும் சிக்கல் தொடரும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரைத் திருத்திவிடுங்கள். சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். அதன் கடைசித் தேதியை யாரும் பார்ப்பதில்லை, உதவித்தொகை நின்ற பிறகுதான் பார்க்கிறார்கள்.

எந்த மொழியில் சோதித்தார்கள்?

எல்லையோரத்துக்கே உரிய தவறு இதுதான், பலர் கண்ணில் படாததும் இதுதான். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையிடம் மலையாளத்தில் கேள்வி கேட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனம் மதிப்பெண்ணாகி, மதிப்பெண் ஊனச் சதவீதமாகிவிடும். அறிவுத்திறன் சோதனைக்குப் போகும்போதே, "குழந்தைக்குத் தமிழ்தான் தெரியும், தமிழில் கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். தமிழ் தெரிந்தவர் இல்லையென்றால் அதை அறிக்கையில் குறிக்கச் சொல்லுங்கள்.

தாயிடம் கேட்கும் கேள்விகளிலும் கவனம் வேண்டும். "சட்டைப் பொத்தானைத் தானே போடுவானா?" என்று கேட்பார்கள். "நான்தான் போட்டுவிடுவேன்" என்பார் அம்மா. பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஓடிவரும் அவசரத்தில் அவர் போட்டுவிடுகிறார். அவன் பொத்தானைப் பிடித்துத் துளையைத் தேடி, நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டைப் போட்டுவிடுவான். மூன்றாவதற்குள் அம்மாவுக்குப் பொறுமை போய்விடும். இந்த விவரத்தையும் சொல்ல வேண்டும். முடியாது என்பதற்கும் விடுவதில்லை என்பதற்கும் உள்ள தூரம் அந்த அறிக்கையில் பெரிது.

பேச்சு தாமதப்பட்ட குழந்தைக்கு "இரண்டு மொழி குழப்பும், வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டிசம், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு பின்தங்குவதாகத் தெரியவில்லை. தாய்க்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் தாய் பேசினால், பேச்சே குறைந்துபோகும். பாட்டி பேசும் தமிழை விட்டுவிட்டு அந்தக் குழந்தை யாரிடம் பேசப் பழகும்?

"கையால் பேசினால் வாய் பேசாது" என்பதும் அதே வகை. காது கேளாத குழந்தைக்குச் சைகை மொழி பேச்சைத் தடுப்பதில்லை, மொழி என்ற ஒன்றையே முதலில் தருகிறது. எல்லையிலுள்ள வாளையாறுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கற்பிப்பது இந்தியச் சைகை மொழிதான் என்பது கூடுதல் வசதி.

மேல்வகுப்புக்கு வரும்போது மொழிச்சுமை ஏறும். எல்லையோரத் தமிழ்வழிப் பிள்ளை தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று சுமக்கிறது. இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு அளிப்பதையும் கூடுதல் நேரத்தையும் எழுதுநரையும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பிறகு இதற்காக ஓடுகிறவர்களே அதிகம். எட்டாம் வகுப்பிலேயே கேளுங்கள். கேட்கும்போது விட்டுக்கொடுக்கும் மொழி தமிழாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பதும் துரத்துவதும்

"அவன் மாமாவும் ஐந்து வயதில்தான் பேசினான்" என்ற ஆறுதலால் இழந்த ஆண்டுகள் ஏராளம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு. காதுக்குள் அறுவைசிகிச்சை செய்து பொருத்தும் காக்ளியர் கருவிக்கு அரசு உதவும் திட்டங்களில் வயது வரம்பு உண்டு. கேரளத்தின் ஸ்ருதிதரங்கம் ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது.

இதற்கு நேரெதிர், குணமாக்குகிறேன் என்பவர் பின்னாலேயே போவது. எண்ணெய்ப் பிழிச்சலுக்கென்று மாதக்கணக்கில் எல்லை தாண்டித் தங்குகிறார்கள், தோப்பை அடகு வைக்கிறார்கள். மூளை முடக்குவாதம் குணமாகிற நோயல்ல. பயிற்சியால் உடலைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கலாம். ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சங்களில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கோ மூளை முடக்குவாதத்துக்கோ அதை ஆய்வுக்கு வெளியே, வழக்கமான சிகிச்சையாகக் காசு வாங்கிக்கொண்டு தர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இடம் தரவில்லை.

சேர்த்துக்கொண்ட பிறகு பள்ளி செய்வது

"அம்மா கூடவே உட்கார்ந்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்பது நல்ல மனம் போலத் தோன்றும். ஒரு பெண்ணின் கூலி நாளைப் பறித்து, சம்பளமில்லாத ஆயாவாக்குவது இது. தனிப்பட்ட உதவி தருவது நிறுவனத்தின் கடமை என்கிறது சட்டம். சிறப்பு ஆசிரியர் தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வட்டார வள மையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இதைக் கேட்கும் பெற்றோர் குறைவு.

வீட்டுவழிக் கல்வி இன்னொன்று. பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தை, விரும்பினால் தேர்ந்தெடுக்கும் உரிமையாகத்தான் 2012 திருத்தம் அதை வைத்தது. நடைமுறையில் தொந்தரவு தருகிற பிள்ளையைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு வகுப்பிலிருந்து அகற்றும் வித்தையாக அது மாறிவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார முடிகிற குழந்தையை வாரம் ஒருமுறை வரும் ஆசிரியருக்காக வீட்டில் வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

சாய்தளம் கட்டிவிட்டோம் என்று படம் எடுத்துப் போடும் பள்ளிகளில் அந்தச் சாய்தளத்தை அளந்து பாருங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடித் திண்ணைக்கு ஆறடியில் கட்டினால் அது சறுக்குமரம். கழிப்பறைக்கு அந்த அளவு கவனம்கூடக் கிடைப்பதில்லை. சக்கர நாற்காலி நுழையாத, உள்பக்கம் திறக்கும் கதவு. அதனால் பள்ளி முடியும்வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் குழந்தைகள் உண்டு; வருகைப் பதிவேட்டில் அது தெரியாது.

18 வயது முடிந்தால் சட்டப்படி தாய் தந்தை தாமாகவே பாதுகாவலராகத் தொடர்வதில்லை என்பது பலருக்கு வங்கியில்தான் தெரியவருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். பிள்ளை குடியிருக்கும் மாவட்டத்துக் குழுவிடம் கேளுங்கள்.