லேப்டாப், பிஎஸ் 4, டிவி: மூன்றையும் ஒத்துப்போக வைப்பது எப்படி

எங்கள் ஹாலில் இருப்பது 43 இன்ச் 4கே டிவி. ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் என் லேப்டாப், இன்னொன்றில் பையனின் பிஎஸ் 4, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி. வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்ன மாடல், எங்க வீட்ல இப்படித் தெரியலையே" என்று கேட்பார்கள். சாதாரண மாடல்தான். லேப்டாப், பிஎஸ் 4 போன்ற பெட்டி என்ன அனுப்புகிறதோ அதைத்தான் டிவியும் எதிர்பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைச் சரி செய்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் ரிமோட்டை எடுங்கள். பிக்சர் மோட் 'விவிட்' என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். அது கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்தது. 'சினிமா' போதும். 2020-லிருந்து வந்த பல டிவிகளில் 'ஃபிலிம்மேக்கர்' மோடும் உண்டு. அடுத்து, எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று இருப்பதை அணையுங்கள். இரண்டு ஃபிரேம்களுக்கு (வீடியோவின் தனித்தனிப் படங்களுக்கு) நடுவே டிவி தானாக ஒன்றைத் தயாரித்துச் செருகும் வேலை அது. கோடி கோடியாகச் செலவழித்து எடுத்த படம் மதிய சீரியல் மாதிரித் தெரிவது இதனால்தான். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபிரேம் கணக்கு. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃபிரேம். லேப்டாப்போ டிவிக்கு வழக்கமாக 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை, அனுப்பும். 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. ஒரு ஃபிரேமை இரண்டரை தடவை காட்ட முடியாது, அதனால் ஒன்றை இரண்டு தடவையும் அடுத்ததை மூன்று தடவையும் காட்டி ஒப்பேற்றுகிறது. கேமரா கோயில் தூண்களைத் தாண்டி மெதுவாக நகரும் காட்சியைப் போட்டுப் பாருங்கள், தூண்கள் விட்டு விட்டு நகரும். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதற்குள் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய், ரெஃப்ரெஷ் ரேட்டை (அந்த ஹெர்ட்ஸ் எண்ணை) 24-க்கோ, டிவி ஏற்றுக்கொண்டால் 120-க்கோ மாற்றுங்கள். 120 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐந்து தடவை. நம் ஊர் டிவியிலிருந்து பதிவு செய்த பழைய நிகழ்ச்சிகள் 25 ஃபிரேம், அவற்றுக்கு 50 ஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றச் சலிப்பாக இருந்தால் கோடி என்ற இலவச ப்ளேயரைப் போடுங்கள். மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸின் முதல் மாடலுக்காக எழுதப்பட்டு வளர்ந்த மென்பொருள் அது. அதன் செட்டிங்ஸில் ப்ளேயர், வீடியோஸ் பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றச் சொல்லும் வசதி இருக்கிறது. படம் தொடங்கும்போது தானே மாற்றி, முடிந்ததும் பழையபடி வைத்துவிடும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் வீடியோ மோட்ஸ் பக்கத்தில் 24 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் இரண்டுக்கும் டிக் போட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத இடம் கறுப்பு. வெளிச்சத்தின் அளவை 0 முதல் 255 வரை எண்ணால் குறிப்பார்கள். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235; இது லிமிடெட். கணினிக்குக் கறுப்பு 0, வெள்ளை 255, இது ஃபுல். பெட்டி லிமிடெட் அனுப்பி டிவி ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் ராத்திரிக் காட்சி முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் இருக்கும். நேர்மாறாகப் போனால் கதாநாயகனின் கறுப்புச் சட்டையில் மடிப்பு, பட்டன் எதுவும் தெரியாது, சட்டை ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். விளக்கை அணைத்துவிட்டு, படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளைப் பாருங்கள். அவை வெளுத்திருந்தால் முதல் வகைக் கோளாறு. பிஎஸ் 4-இல் வீடியோ அவுட்புட் செட்டிங்ஸில் இந்த அமைப்பு ஆர்ஜிபி ரேஞ்ச் என்ற பெயரில் இருக்கிறது. ஆட்டோவில் சரியாக வந்தால் தொடாதீர்கள். வராவிட்டால் அங்கே லிமிடெட், டிவியின் பிளாக் லெவலிலும் அதற்கு ஏற்றது. லேப்டாப்பில் என்விடியா கார்டு இருந்தால் அதன் கன்ட்ரோல் பேனலில், ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்திலேயே இது இருக்கும். லேப்டாப்புக்கு இரண்டு பக்கமும் ஃபுல் வைப்பதே என் வழக்கம், எழுத்துகளும் ஒழுங்காகத் தெரியும். பல டிவிகளில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இந்த அமைப்பு தனித்தனி, அதனால் ஒன்றை மாற்றினால் மற்றது கெடாது.

படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் டிவியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' தேடுங்கள்.

4கே ஃபைல் லேப்டாப்பில் திக்கினால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஜிபியு பக்கத்தில் 'வீடியோ டிகோட்' வரைபடத்தைப் பாருங்கள். அது பூஜ்ஜியத்திலேயே கிடந்து சிபியு மட்டும் திணறினால் ஹார்ட்வேர் டிகோடிங், அதாவது சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையை ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) செய்வது, நடக்கவில்லை. ப்ளேயர் செட்டிங்ஸில் அதை இயக்குங்கள். ஃபைல் 10 பிட் ஹெச்265 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) என்றால் இன்டெல்லில் ஏழாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். ஆறாம் தலைமுறையில் என்ன மாற்றினாலும் சிரமம்தான்.

பிஎஸ் 4-இல் பென்டிரைவில் படம் பார்க்க, அதை எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸில் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறை பிஎஸ் 4-க்குத் தெரியாது. ஃபேட்32 என்ற பழைய முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. ஃபைல் ஹெச்265-க்கு முந்தைய ஹெச்264 முறையில் இருக்கட்டும், ஹெச்265-ஐ அதன் மீடியா ப்ளேயர் ஏற்காது. எக்ஸ்பாக்ஸில் விஎல்சி ப்ளேயரே கிடைக்கிறது, இந்தத் தலைவலி குறைவு. 4கே ப்ளூரே வட்டு ஓட்டுவது வட்டுத் துளை உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரிஸ் எக்ஸ் மாடல்களும் வட்டுத் துளை உள்ள பிஎஸ் 5-உம். பிஎஸ் 4 ப்ரோ, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஓட்டாது.