அப்பாவை ஆக்சிஜன் சேம்பருக்குள் அனுப்புவதற்கு முன்னால்

துபாயில் இருக்கும் மச்சான் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஆக்சிஜன் சேம்பருக்குள் ஒரு பெரியவர் படுத்திருக்கிறார், அப்புறம் வெளியே வந்து பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். கீழே ஒரே ஒரு வரி: "மாமாவுக்கு இதப் பண்ணிப் பாக்கலாமா?" அப்பாவுக்கு வாஸ்குலர் டிமென்ஷியா, அதாவது மூளைக்கு ரத்த ஓட்டம் குறைவதால் வரும் மறதி நோய் என்று சொல்லி அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மறதி நோய் உள்ளவரை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதிரி வீடியோ என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விடிய விடியத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் படித்து, இரண்டு மூன்று சென்டருக்கு நடந்து, கடைசியில் அப்பாவுக்கு இருபது சிட்டிங் (ஒரு தடவை சேம்பருக்குள் போய் வருவது ஒரு சிட்டிங்) கொடுத்தும் பார்த்தோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிமென்ஷியாவுக்கு இந்த ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் சேம்பர் நிரூபணமான சிகிச்சை இல்லை. செய்யாமல் விட்டால் நீங்கள் எந்தத் துரோகமும் செய்துவிடவில்லை. செய்யத்தான் போகிறீர்கள் என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள், அதற்குத்தான் இது.

சங்கதி இதுதான். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். ஹைப்பர்பாரிக் சேம்பரில் சுத்த ஆக்சிஜனை, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஒன்றரை முதல் மூன்று மடங்கு அழுத்தத்தில் சுவாசிக்க வைப்பார்கள். இரண்டு மடங்கு என்றால் கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. "அப்பாவுக்கு விரலில் மாட்டிப் பார்த்தால் 98 காட்டுகிறதே, இன்னும் எங்கே ஆக்சிஜன் ஏற்றுவது" என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த 98, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் கணக்கு, அங்கே இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. அழுத்தம் கூடும்போது ஆக்சிஜன் நேரடியாக ரத்த நீரில் கரைகிறது, சோடா பாட்டிலில் கேஸ் கரைகிற மாதிரி. சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் கரைந்திருப்பது 0.3 மில்லி. மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் அது கிட்டத்தட்ட 6 மில்லி ஆகிவிடும். 1960இல் ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற சர்ஜன், பன்றிக்குட்டிகளின் ரத்தத்தை எடுத்துவிட்டு வெறும் திரவத்தை ஏற்றி, இப்படிச் சேம்பருக்குள் உயிரோடு வைத்துக் காட்டினார். ஆக, இது பித்தலாட்டம் இல்லை, உண்மையான மருத்துவம். ஆழ்கடலில் முங்குபவர்களுக்கு வரும் அழுத்த நோய், ஆறாத சர்க்கரைப் புண், கதிர்வீச்சு சிகிச்சையில் கெட்டுப்போன திசு, திடீர்க் காது கேளாமை, இதற்கெல்லாம் முறைப்படி கொடுக்கிறார்கள்.

மூளைக்கே கூட ஒரு இடத்தில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. குளியலறை கேஸ் கீசரில் கார்பன் மோனாக்சைடு ஏறி மயங்கி விழுந்தவர்களுக்கு, முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை சேம்பரில் வைத்தால் பின்னால் வரும் ஞாபகக் கோளாறு குறைகிறது. 2002இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில் ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது சாதாரண ஆக்சிஜன் வாங்கியவர்களில் 46 சதவீதம் பேருக்குக் கோளாறு, சேம்பருக்குப் போனவர்களில் 25. ஆனால் அது விஷம் ஏறிய சில மணி நேரத்தில் செய்வது. பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும் செல்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

டிமென்ஷியாவுக்கு என்று பார்த்தால் இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1969இலேயே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் 13 முதியவர்களுக்குக் கொடுத்து, ஞாபகம் கூடியது என்று எழுதினார்கள், ஊரே பரபரப்பானது. எழுபதுகளில் ஒப்பீட்டுக் குழு வைத்துச் செய்து பார்த்ததில் அந்தப் பலன் காணாமல் போய்விட்டது. அப்புறம் ரொம்ப நாள் சத்தமில்லை. 2012இல் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு வாஸ்குலர் டிமென்ஷியாவுக்கான ஆய்வுகளைத் தேடியபோது தேறியது ஒன்றே ஒன்று, 64 பேர் வைத்து நடந்தது, அதுவும் தரம் சுமார். இப்போது நமக்கு வரும் வீடியோக்களின் ஊற்று பெரும்பாலும் இஸ்ரேல். அங்கே ஷமிர் மருத்துவமனையில் ஷாய் எஃப்ராட்டி என்பவரின் குழு 2020இல் ஆரோக்கியமான முதியவர்கள் 63 பேரை வைத்து 60 சிட்டிங் ஆய்வு செய்தது, கவனமும் யோசிக்கும் வேகமும் கூடின என்றார்கள். கவனியுங்கள், அவர்களுக்கு டிமென்ஷியா இல்லை. 2021இல் எலிகளோடு சேர்த்து ஞாபகம் குறைந்த முதியவர்களிடமும் செய்தார்கள், ஆறே ஆறு பேர். எஃப்ராட்டி இந்தச் சிகிச்சையை விற்கும் அவிவ் என்ற கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர், அந்த கிளினிக்குகள் ஃப்ளோரிடாவிலும் துபாயிலும் இருக்கின்றன. அதனால் ஆய்வு பொய் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு படியுங்கள் என்கிறேன்.

எனக்கு உறைத்தது வேறொரு ஆய்வு. தலையில் அடிபட்டு ஞாபகக் கோளாறு, தலைவலி என்று அவதிப்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் 72 பேர். ஒரு பகுதிக்கு உண்மையான சேம்பர் சிகிச்சை, ஒரு பகுதிக்கு லேசான அழுத்தத்தில் வெறும் காற்று, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2014இல் முடிவு வந்தது. உண்மைச் சேம்பருக்குப் போனவர்களும் தேறினார்கள், பொய்ச் சேம்பருக்குப் போனவர்களும் அதே அளவுக்குத் தேறினார்கள். தினமும் கிளம்பி ஒரு இடத்துக்குப் போவது, நாலு பேர் அக்கறையாக விசாரிப்பது, இதுவே ஒரு மருந்துதான் போலிருக்கிறது. இஸ்ரேலின் 63 பேர் ஆய்வில் பொய்ச் சேம்பர் குழுவே கிடையாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2013இல் மக்களுக்கு விட்ட எச்சரிக்கையில், இந்தச் சிகிச்சை பலன் தருவதாக நிரூபிக்கப்படாத நோய்களின் பட்டியலில் மறதி நோயின் இன்னொரு வகையான அல்சைமரும் உண்டு.

சரி, இப்போது செய்முறை. சேம்பரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, ஒரு ஸ்கேன். கீழே விழுந்து மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டியிருந்தாலும் மறதி மாதிரியே காட்டும். மனச்சோர்வும் அப்படித்தான். காது மந்தமாக இருப்பவரை எத்தனை வீட்டில் மறதிக்காரர் ஆக்கி வைத்திருக்கிறோம்! முக்கியமாக மாத்திரைப் பையை அப்படியே கொட்டி நியூராலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். தூக்க மாத்திரை, சளி மாத்திரை, சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் மாத்திரை, இவற்றில் சில வயதானவர்கள் மூளையை மந்தமாக்கும். அப்பாவுக்கு ராத்திரி அரிப்புக்கு என்று யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தினோம், பகலில் தூங்கி வழிவது பாதியாகக் குறைந்தது. செலவு பூஜ்யம். சேம்பரோ ஒரு சிட்டிங்குக்குச் சில ஆயிரம், 40, 60 என்று போனால் லட்சங்களில் நிற்கும்.

இதையெல்லாம் தாண்டியும் போகிறோம் என்றால், சென்டரில் கேட்க வேண்டியது சில. ஒருவர் படுக்கும் குழாய் வகையா, பல பேர் உட்காரும் அறை வகையா என்று முதலில் கேளுங்கள். குழாய் வகையில் பெரும்பாலும் உள்ளே முழுக்க ஆக்சிஜன், நோயாளி தனியாக இருப்பார். அறை வகையில் சுற்றிலும் சாதாரணக் காற்று, ஆக்சிஜன் மாஸ்க்கில் வரும், கூடவே ஒரு உதவியாளர் உட்காரலாம். டிமென்ஷியா உள்ளவருக்கு இரண்டாவதுதான் சரி. "நான் எங்க இருக்கேன்" என்று பாதியில் எழுந்து கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தால், உடனே கதவைத் திறக்க முடியாது, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் திறக்கும். எத்தனை மடங்கு அழுத்தம், எத்தனை நிமிடம், நடுவில் சாதாரணக் காற்றுக்கு இடைவெளி உண்டா, வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், டாக்டர் அந்த நேரம் கட்டிடத்தில் இருப்பாரா. பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் போன ஒரு இடத்தில் வரவேற்பறைப் பெண் அப்பாவின் ரிப்போர்ட்டைத் திறக்காமலேயே 60 சிட்டிங் பேக்கேஜுக்கு பில் போட ஆரம்பித்தார், அங்கிருந்து நேராக ஆட்டோ பிடித்தோம்.

போவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே, காது பரிசோதனை, இதயத்தின் எக்கோ எடுத்துப் பாருங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் இந்தச் சிகிச்சை கூடவே கூடாது. சிஓபிடி என்னும் நாள்பட்ட நுரையீரல் நோய், வலிப்பு நோய், இதய பலவீனம், பேஸ்மேக்கர் இருந்தால் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே சர்க்கரை இறங்கும், அதனால் வெறும் வயிற்றில் அனுப்பாதீர்கள், முன்னும் பின்னும் குத்திப் பாருங்கள்.

அடுத்தது தீ. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 1997இல் இத்தாலியின் மிலானில் சேம்பர் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள், ஒரு நோயாளி குளிருக்குக் கை சூடாக்கும் சின்னப் பொருளை உள்ளே கொண்டுபோனதுதான் காரணம். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் சேம்பர் தீயில் இறந்தான். சென்டர்க்காரர்கள் "எண்ணெய் வேண்டாம்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள், ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் அது ஒரு வரி இல்லை. அப்பா அறுபது வருஷமாகத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காமல் வாசல் தாண்டியதில்லை. நான் சீப்பை ஒளித்து வைத்தால் அடுப்படிக்குப் போய் எண்ணெய்த் தூக்கிலிருந்தே எடுத்துத் தேய்த்துக்கொள்வார். முழங்காலுக்குத் தைலம், உதட்டுக்கு வாசலின், சட்டைப் பையில் செல்போன், இடுப்பில் எங்கேயோ ஒரு தீப்பெட்டி. எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், சோதிக்க வேண்டும். சிட்டிங் அன்று காலையில் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிவிட்டு நேராக வண்டியில் ஏற்றிவிடுங்கள், நடுவில் வீட்டுக்குள் விடாதீர்கள். பருத்தி உடை மட்டும், பாலியஸ்டர் வேட்டியோ நைலான் புடவையோ கூடாது. பல்செட்டையும் ஹியரிங் எய்டையும் கழற்றச் சொல்வார்கள். ஹியரிங் எய்டு போய்விட்டால் உள்ளே சொல்வது எதுவும் அவருக்குக் கேட்காது, அதற்கு முன்பே கைஜாடை பழக்கி வையுங்கள்.

காது வலிதான் அடிக்கடி வரும் தொந்தரவு. விமானம் இறங்கும்போது அடைக்கிற மாதிரி அடைக்கும், சமப்படுத்தாவிட்டால் செவிப்பறை கிழியக்கூட வாய்ப்புண்டு. "மூக்கைப் பிடித்து ஊதுங்க" என்றால் அப்பா சிரித்தார், ஊதவில்லை. வீட்டில் ஒரு வாரம் பயிற்சி கொடுத்தும் பிரயோஜனமில்லை. கடைசியில் ஒரு நர்ஸம்மா சொன்ன வழிதான் வேலை செய்தது: அழுத்தம் ஏறும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடமும் உதவியாளர் கையில் தண்ணீர் பாட்டில், அரை மடக்கு, அரை மடக்காக விழுங்க வைத்துக்கொண்டே இருப்பது. சளி பிடித்திருந்தால் அன்றைக்குப் போகவே வேண்டாம், பணம் போனால் போகட்டும்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டு போடுங்கள். "தெளிவா இருக்கார்" என்று எழுதாதீர்கள், எண்ணக்கூடியதை எழுதுங்கள். ஒரே கேள்வியை ஒரு நாளில் எத்தனை முறை கேட்டார், சட்டைப் பொத்தானைத் தானே போட்டாரா, ராத்திரி எத்தனை முறை எழுந்தார். நோட்டு எழுதுபவரும் சேம்பருக்குப் பணம் கட்டியவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, எங்கள் வீட்டில் அம்மா எழுதினார். சென்டர்க்காரர்கள் அல்லாத ஒருவர் முன்னும் பின்னும் மோகா மாதிரி ஒரு ஞாபகப் பரிசோதனை செய்யட்டும், இரண்டாம் முறை வேறு கேள்வித்தாள் கேளுங்கள், பழகிய கேள்விக்கு மதிப்பெண் தானாகக் கூடும். அந்த நாட்களில் புது மாத்திரை எதுவும் ஆரம்பிக்காதீர்கள், மறதிக்கு ஏற்கெனவே கொடுக்கும் டோனெபெசிலையோ மெமன்டினையோ நிறுத்தவும் செய்யாதீர்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நாங்கள் இருபது என்று எழுதினோம். அப்பா "இன்னிக்கு என்ன கிழமை" என்று கேட்பது தொடங்கும் முன் நாளைக்கு 14 முறை, இருபது சிட்டிங் முடிந்தபோது 13. மச்சானிடம் நோட்டைப் படம் பிடித்து அனுப்பினேன், அதோடு நிறுத்திவிட்டோம். இதை வைத்து உங்கள் வீட்டிலும் பலன் இருக்காது என்று நான் சொல்ல முடியாது, ஒரே ஒரு ஆள் கணக்கு இது. ஒன்று மட்டும் நடந்தது, காலையில் கிளம்பிப் போகும் பழக்கம் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. இப்போது அதே நேரத்துக்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம்.

வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் துணிப்பை சேம்பர் என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அதில் ஏறுவது 1.3 மடங்கு அழுத்தம்தான். அமெரிக்காவில் அந்த வகைப் பைக்கு அனுமதி இருப்பது மலை ஏறுபவர்களுக்கு வரும் உயர நோய்க்கு மட்டும். ஆய்வுகளில் சொல்லும் சிகிச்சை வேறு, இது வேறு. அதற்குள் ஒரு டிமென்ஷியா நோயாளியைப் போட்டு ஜிப்பை மூடுவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று, நீண்ட கோர்ஸ் போகிறவர்களுக்குப் பார்வை கொஞ்சம் மாறும், தூரத்தில் இருப்பது மங்கும், சிலருக்குப் படிப்பது திடீரென்று எளிதாகிவிடும். அதைப் பார்த்து "மூளை தெளிஞ்சுடுச்சு, பேப்பர் படிக்கிறார்" என்று சந்தோஷப்பட்ட குடும்பத்தை அந்த சென்டரிலேயே பார்த்தேன். பெரும்பாலும் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், அதனால் சிட்டிங் முடிந்து இரண்டு மூன்று மாதம் வரைக்கும் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்காதீர்கள். கண்புரை ஏற்கெனவே இருந்தால் அது வேகமாக முற்றலாம், கண் டாக்டரிடம் ஆரம்பத்திலேயே ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள்.