பச்சை பெரோவ்ஸ்கைட் எல்இடி: இழப்பை அடைத்து ஒளியைக் கூட்டும் முறை

2014-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செய்துகாட்டிய பச்சை பெரோவ்ஸ்கைட் (ஒளி உமிழும் ஒருவகைப் படிகப்பொருள்) எல்இடியின் புறக் குவாண்டம் திறன் 0.1 விழுக்காடுதான், ஆயிரம் எலக்ட்ரான்களைச் செலுத்தினால் ஒரே ஒரு ஃபோட்டான் வெளியே வந்தது. மறு ஆண்டே தென்கொரியாவில் டே-வூ லீ குழு அதை 8.53 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. மின்னோட்டத்தைக் கூட்டி அல்ல, ஒளிரும் பெரோவ்ஸ்கைட் படலத்துக்குள் ஏற்படும் இழப்பை அடைத்தே இந்த உயர்வு கிடைத்தது என்பதால், தொடக்கநிலையினர் அந்த வழியில் செல்வதே நல்லது.

படி 1: ஐடிஓ கண்ணாடியை (மின்சாரம் கடத்தும் ஒளிபுகு பூச்சுள்ள கண்ணாடி) சோப்புநீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவற்றில் கழுவி, புற ஊதா ஓசோனில் வைத்தபின் பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமரைப் பூசுங்கள்.

படி 2: மீதைல் அம்மோனியம் புரோமைடையும் ஈய புரோமைடையும் 1.05:1 என்ற மோல் விகிதத்தில் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரையுங்கள். சம அளவில் எடுத்தால் படலத்தில் உலோக ஈய அணுக்கள் தங்கி, ஒளியாக வேண்டிய ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். அந்த 5 விழுக்காடு மிகுதி அதைத் தடுக்கிறது. டிஎம்எஸ்ஓ தோலை ஊடுருவி, தன்னில் கரைந்த ஈயத்தையும் உடன் கொண்டுசெல்லக்கூடும் என்பதால் கையுறையில் கவனக்குறைவு கூடாது.

படி 3: வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகின்றன. கரைசலைச் சுழற்பூச்சு (கண்ணாடியை வேகமாகச் சுழற்றிப் பரப்புதல்) செய்யும்போதே, அது முழுதும் உலர்வதற்கு முன், சுழலும் படலத்தின்மேல் குளோரோஃபார்மைச் சொட்டினால், கரைப்பான் சட்டென வெளியேறிப் படிகமணிகள் பெரிதாக வளராமல் நின்றுவிடும். சிறிய மணிகளுக்குள் எலக்ட்ரானும் மின்துளையும் (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின் போல் நகரும் வெற்றிடம்) விலகி ஓட இடமின்றி ஒன்றையொன்று சந்தித்து ஒளியாகின்றன. சொட்டும் நொடி ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். ஆகவே சில கண்ணாடிகளைச் செலவிட்டு, சில நொடி இடைவெளிகளில் சொட்டிப் பார்த்து, புற ஊதா டார்ச்சின் கீழ் சீராகவும் பளிச்சென்றும் பச்சையாய் ஒளிரும் படலத்தையே தேர்ந்தெடுங்கள். மங்கலாக, வெண்பனி படர்ந்ததுபோல் இருப்பதை ஒதுக்கிவிடலாம்.

படி 4: வெற்றிடத்தில் டிபிபிஐ (எலக்ட்ரான்களைக் கடத்தும் கரிமப்பொருள்), லித்தியம் ஃபுளோரைடு, அலுமினியம் ஆகியவற்றை வரிசையாகப் படியவையுங்கள்.

படி 5: மின்னழுத்தத்தைச் சிறுசிறு படிகளாக உயர்த்தி, ஒளிர்வையும் திறனையும் தனித்தனியே குறியுங்கள். ஒளி தோன்றுமுன்பே மின்னோட்டம் மிகுந்தால் படலத்தில் நுண்துளைகள் இருக்கக்கூடும். ஒளிர்வு ஏறிக்கொண்டிருக்கத் திறன் மட்டும் சரிந்தால், வெப்பமும் ஒளியின்றி ஆற்றல் வீணாகும் ஓஷே இணைவுமே பெரும்பாலும் காரணம். குறுகிய மின்துடிப்புகளால் அளந்தால் வெப்பத்தின் பங்கு பிரிந்து தெரியும்.

இவை கைவந்தபின் மணிகளின் மேற்பரப்புக் குறைபாடுகளை மூடலாம். லீ குழுவே 2022-இல் பென்சைல் பாஸ்போனிக் அமிலத்தால் மணிகளைச் சுற்றி உறை அமைத்து, 28.9 விழுக்காடு திறனையும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4,70,000 கேண்டெலா ஒளிர்வையும் எட்டியது. படி 3 சீராகாத படலத்தில் இந்த அமிலத்தைப் பூசுவது வீண்வேலை.