கழுத்து வலியா? முதலில் திரையின் உயரத்தைப் பாருங்கள்

கழுத்து பிடித்துக்கொண்டால் தைலம் தேய்ப்போம், வீட்டில் யாரையாவது அமுக்கிவிடச் சொல்வோம், இரண்டு நாளில் குறையும், அடுத்த வாரமே அதே இடத்தில் மறுபடி வந்து நிற்கும். நானும் பல மாதம் இப்படித்தான் ஓட்டினேன். தோள்பட்டை எலும்பின் மேல் முனைக்குச் சற்று உள்பக்கம் விரலால் அழுத்தினால் கல் மாதிரி ஒரு முடிச்சு, சாயங்காலம் ஆனால் அங்கிருந்து வலி பிடரிக்கு ஏறிவிடும். காரணம் மேசைமேல் இருந்த லேப்டாப்.

நம் தலை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து இருக்கும்வரை கழுத்தின் 7 எலும்புகள் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். தலை முன்னால் போகப்போக, அதை இழுத்துப் பிடிக்கிற வேலை பின்கழுத்துத் தசைகளின் மேல் விழுகிறது. 60 டிகிரி குனிந்து போன் பார்த்தால் கழுத்துக்கு வரும் பாரம் 27 கிலோ வரை போகும் என்று 2014-ல் ஒரு கணக்கு வெளியானது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் தூக்குவதையும் கையை நீட்டித் தூக்குவதையும் நினைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும். அதனால் நாலைந்து தடிமனான புத்தகங்களை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை ஏற்றிவிட்டு, கீபோர்டும் மவுஸும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ ஒரு பிடி கீழேயோ, கை நீட்டினால் விரல் தொடும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் படிப்பவர்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மோவாயைத் தூக்கித் தூக்கியே வலி வந்துவிடும்.

சரி, எல்லாம் சரியாக வைத்தாயிற்று, இனி அசையாமல் உட்காரலாமா? கூடவே கூடாது. எவ்வளவு நல்ல நிலையானாலும் இரண்டு மணி நேரம் அப்படியே இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடமாவது நடந்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால் விலை உயர்ந்த நாற்காலியைவிட இதுதான் முக்கியம்.

அப்புறம் ஒரு பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தலையைக் குனியாமல், நிமிர்த்தாமல், மோவாயை மட்டும் ஒரு டிராயரை உள்ளே தள்ளுவதுபோல் பின்னால் இழுங்கள். இரட்டைத் தாடை விழும், விழட்டும். பின்கழுத்தில் மண்டைக்குக் கீழே மெல்ல இழுபடுவது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். 5 விநாடி அப்படியே பிடித்துவிட்டுத் தளர்த்துங்கள், பத்து முறை, காலையும் மாலையும். கூர்மையாக வலித்தால் அதற்குமேல் போகாதீர்கள். நின்றபடியே தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுக்கு நடுவில் சேர்ப்பதுபோல் பத்து முறை இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

படுக்கையில் குப்புறப் படுப்பதை விட்டுவிடுங்கள், இரவு முழுக்கக் கழுத்து ஒரே பக்கம் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும், மல்லாந்து படுத்தால் அதைவிடத் தாழ்வானது போதும்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசாதீர்கள். வலி இருக்கும்போது 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இதமாக இருக்கும். ஆனால் தலையைப் பிடித்துத் திருப்பி நெட்டி எடுக்க மட்டும் யாரிடமும் கழுத்தைக் கொடுக்காதீர்கள். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அரிதுதான், ஆனாலும் அந்த ஆபத்து நமக்கு எதற்கு?

சில வாரம் இதையெல்லாம் செய்தும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். கை மரத்துப்போவது, பிடிமானம் தளர்வது, நடை தடுமாறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்வது, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சி எதுவும் வேண்டாம், அன்றைக்கே போய்விடுங்கள்.