மேக் தோற்றும் பேக்கேஜ் உருவானால்

மேக் என்ற கருவியால் கம்பைல் செய்து டெப் கோப்பு (டெபியன் பேக்கேஜ்) உருவாக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் அது. கட்டளை தோற்றால் ஸ்கிரிப்டை நிறுத்தும் 'செட் -இ' அதன் தலையில் இருந்தும், கம்பைல் பாதியில் நின்றபின் அரைகுறை டெப் கோப்பு உருவாகிக்கொண்டிருந்தது. லாக் சேமிக்க மேக்கின் வெளியீட்டை '|' (பைப்) வழியாக, அதைத் திரையிலும் கோப்பிலும் எழுதும் 'டீ'க்கு அனுப்பிய வரிதான் காரணம். பைப்பில் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் ஸ்டேட்டஸ் (0 என்றால் வெற்றி, மற்ற எண் தோல்வி) மட்டுமே கணக்கு. லாக்கை எழுதி முடித்த டீ 0 தந்துவிடும், மேக்கின் 2 காணாமல் போகும்.

பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று காட்டும் 'செட் -ஓ பைப்ஃபெயில்' சேர்த்தேன். அதோடு எந்த ஷெல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் முதல் வரியான ஷெபாங்கையும் பாஷுக்கு மாற்ற வேண்டும்: டெபியன், உபுண்டுவில் '/பின்/எஸ்ஹெச்' என்பது டேஷ் என்ற வேறு ஷெல், அதன் பழைய பதிப்புகளுக்கு பைப்ஃபெயில் தெரியாது.

இன்னொரு ஓட்டை, ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' மாறி அறிவிப்பிலேயே $(...), அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை, மதிப்பாகப் போடுவது. உள்ளே கட்டளை தோற்றாலும் லோக்கல் 0 தரும். அதனால் அறிவிப்பு ஒரு வரி, மதிப்பு அடுத்த வரி என்று பிரியுங்கள். ஷெல் ஸ்கிரிப்டுகளில் பிழை தேடும் ஷெல்செக் கருவி இதை 2155 என்ற எண்ணில் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள்.